பாதிப் பணத்தில் ரேடார் ஃபைன் கட்டித் தருகிறேன் என்பவரிடம் மாட்டாதீர்கள்

வேகமாகப் போனதற்கு ரேடார் கேமரா போட்ட 3900 திர்ஹம் ஃபைனைப் பாதியில் முடித்துவிடலாம் என்று போய், கடைசியில் 4875 திர்ஹம் அழுதவன் நான். நடுவில் ஒருமுறை போலீஸ் ஸ்டேஷன் படியும் ஏறினேன். துபாயில் குடியிருந்துகொண்டு அபுதாபிக்கு வேலைக்குப் போய்வரும் நம்மவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவராவது தப்பிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் அசட்டுத்தனத்தையும் சேர்த்தே எழுதுகிறேன், மறைத்தால் கதை புரியாது.

முதலில் இவ்வளவு ஃபைன் எப்படி விழுந்தது என்று சொல்லிவிடுகிறேன். எட்டு வருஷம் துபாயிலேயே வண்டி ஓட்டியவன். இங்கே போர்டில் 100 என்று இருந்தால் ரேடார் 121க்குத்தான் வாயைத் திறக்கும். அந்த 20 கிலோமீட்டர் சலுகைக்கு என் வலது கால் பழகிப்போயிருந்தது. போன வருஷம் அபுதாபியின் முசாஃபாவில் வேலை கிடைத்தது. விடிகாலையில் 311 என்ற நெடுஞ்சாலையில் ஏறினால் துபாய் பக்கம் வேக வரம்பு 110, எல்லை தாண்டினதும் 140. பழக்கதோஷத்தில் 155 வரை போவேன். அபுதாபியில் அந்த 20 கிலோமீட்டர் சலுகையை 2018 ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. அங்கே போர்டில் 140 என்றால் 141க்கே ஃபைன். ஊருக்குள் 80 போர்டு போட்ட ரோட்டிலும் அதே கதை. 'நூறு வரைக்கும் பரவாயில்லை' என்று நானாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, கொஞ்சம் கூடுதலாகவும் போயிருக்கிறேன்.

ஃபைன் விழுந்தால் எஸ்எம்எஸ் வருமே என்று கேட்பீர்கள். வந்திருக்கும், நான் மூன்று வருஷத்துக்கு முன்னால் விட்டுத் தொலைத்த பழைய நம்பருக்கு. டிராபிக் ஃபைலில், அதாவது போலீஸிடம் இருக்கும் என் வண்டிப் பதிவில், நம்பரை மாற்றவே இல்லை. ஐந்து வாரம் கழித்து ஏதோ தோன்றி ஒரு ராத்திரி ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தால் பதினொரு ஃபைன். இருபது கிலோமீட்டருக்குள் தாண்டியது ஒன்பது, தலா 300. இருபதுக்கு மேல் முப்பதுக்குள் தாண்டியது இரண்டு, தலா 600. மொத்தம் 3900. இதற்கு மேலே 700, 1000, 1500 என்று ஏறிக்கொண்டே போகும். 60 கிலோமீட்டருக்கு மேல் தாண்டினால் 2000 திர்ஹத்தோடு லைசென்ஸில் 12 பிளாக் பாயிண்ட், வண்டியும் முப்பது நாள் உள்ளே. அந்த அளவுக்குப் போகவில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் அந்த மாதம் ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணமே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

மறுநாள் துபாய் கராமாவில் ஒரு கஃபேடேரியாவில் கரக் சாயா குடித்துக்கொண்டே புலம்பினேன். கூட இருந்த ரூம்மேட், "அதுக்கு ஆள் இருக்குண்ணே, பாதியில முடிச்சுத் தருவான்" என்று ஒரு வாட்ஸாப் நம்பரைக் கொடுத்தான். அந்த நம்பரின் புரொஃபைலில் போலீஸ் லோகோ. குரல் சுத்தமான நம்ம ஊர்த் தமிழ்.

"அண்ணே, கவலைப்படாதீங்க. அதிகாரப்பூர்வ தள்ளுபடிதான். எங்களுக்குக் கம்பெனி கோட்டா இருக்கு. நீங்க முதல்ல ஒரு பைசா தர வேண்டாம். நான் கட்டின பிறகு ஆப்ல பாருங்க, ஜீரோ ஆனா மட்டும் பணம் குடுங்க."

இந்தக் கடைசி வரிதான் தூண்டில் முள். முன்பணம் கேட்டிருந்தால் உஷாராகியிருப்பேன். வேலையை முடித்துவிட்டுக் காசு வாங்குகிறவன் எப்படி ஏமாற்ற முடியும்? முல்கியா (வண்டியின் பதிவு அட்டை) காப்பியும் எமிரேட்ஸ் ஐடி படமும் கேட்டான், அனுப்பினேன். ஐடி படத்தை அனுப்பியது இன்னொரு மடத்தனம். யாருக்கு ஃபைன் இருந்தாலும் வண்டி விவரத்தை வைத்தே கட்டிவிடலாம், ஐடி எதற்கு?

ஒரு மணி நேரத்தில் ரசீது வந்தது. ஆப்பில் பார்த்தேன், பாக்கி இல்லை. சாயங்காலம் மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் ஒரு பையன் வந்தான். 1950 திர்ஹத்தைக் கையில் கொடுத்தேன். பேங்கில் போடுகிறேன் என்றதற்கு, வேண்டாம், கேஷ்தான் என்றான்.

அந்த ரசீதில் கார்டின் கடைசி நாலு எண் இருந்தது. யாருடைய கார்டு, என் 3900ஐ முழுசாகக் கட்டிவிட்டு 1950 மட்டும் வாங்கிக்கொள்கிற அந்தப் புண்ணியவான் யார் என்ற கேள்வி எனக்குள் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. ஆப்பில் ஜீரோவைப் பார்த்த சந்தோஷத்தில் அதை ஓரமாக ஒதுக்கிவைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து முல்கியா புதுப்பிக்க வண்டியை பாசிங் என்கிற சோதனைக்குக் கொண்டுபோனேன். வண்டி பாஸ். கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு ஃபைன் இருக்கிறது என்றார். அதே பதினொன்று, அதே தேதிகள், அதே 3900. அவனுக்குப் போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். வாட்ஸாப்பில் ஒற்றை டிக். ரூம்மேட்டுக்கு நம்பர் கொடுத்தவனைத் தேடினால் அவன் விசா முடிந்து ஊருக்குப் போய்விட்டானாம்.

நடந்தது இதுதான். கட்டியது திருட்டு கார்டில். யாரோ ஒருவருடைய கார்டு விவரத்தைத் திருடி, அதில் என் ஃபைனைக் கட்டி, என்னிடம் சுத்தமான ரொக்கமாக வாங்கிக்கொண்டார்கள். கார்டுக்காரர் ஒருநாள் ஸ்டேட்மெண்டைப் பார்த்து, இது நான் செய்ததில்லை என்று பேங்கில் சொன்னார். பணம் அவருக்குத் திரும்பியது, ஃபைன் என் தலைக்குத் திரும்பியது. தள்ளுபடி என்று நான் நினைத்தது அந்த முகம் தெரியாத மனுஷனின் பணம்.

அந்த வாரமே ஒரு போன். போலீஸ் ஸ்டேஷனில் இருந்து பேசுவதாகச் சொன்னார்கள். சூடு கண்ட பூனை ஆயிற்றே, போனில் எதையும் சொல்லாமல் நேரே ஸ்டேஷனுக்குப் போய் விசாரித்தேன். உண்மையான அழைப்புதான். இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள், மரியாதையாகத்தான் கேட்டார்கள். வாட்ஸாப் பேச்சு முழுவதையும் காட்டினேன். அதிகாரி கேட்ட ஒரே ஒரு கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை: "பாதிப் பணத்துக்கு எப்படிக் கட்டுவான் என்று நீ யோசிக்கவில்லையா?" எழுதிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது சட்டை நனைந்திருந்தது. தெரிந்தே இவர்களிடம் போகிறவன் கூட்டாளியாகத்தான் பார்க்கப்படுவான் என்று பிறகு விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். வேலையும் விசாவும் எந்த நூலில் தொங்கின என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

இதில் எனக்கு ஆறவே ஆறாதது ஒன்று உண்டு. அபுதாபியில் நிஜமாகவே தள்ளுபடி இருக்கிறது. ஃபைன் விழுந்த 60 நாளுக்குள் கட்டினால் 35 சதவீதம், அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்குள் என்றால் 25 சதவீதம். பெரிய குற்றங்களுக்குக் கிடையாது, என் மாதிரி சில்லறைக் கேஸ்களுக்கு உண்டு. யாரையும் பிடிக்க வேண்டாம், 'தம்' என்ற அரசாங்க ஆப்பிலேயே (பேரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், அரபியில் 'முடிந்தது' என்று அர்த்தம்) கழித்துக் காட்டும். அன்றைக்கே கட்டியிருந்தால் 2535 திர்ஹம். அவன் கேட்டது 1950. வெறும் 585 திர்ஹத்துக்காக நான் இவ்வளவும் செய்தேன். 60 நாள் தாண்டிவிட்டதால் 25 சதவீதம்தான் கிடைத்தது, 2925 கட்டினேன். ஏற்கெனவே போன 1950ஐச் சேர்த்தால் மேலே சொன்ன 4875.

இந்த ஆட்கள் பிழைப்பதே இந்த நிஜத் தள்ளுபடிகளின் நிழலில்தான். ஷார்ஜாவிலும் 35, 25 சதவீதக் கணக்கு உண்டு. தேசிய தினத்தை ஒட்டிச் சில எமிரேட்டுகளில் பாதித் தள்ளுபடி அறிவித்த வருஷங்களும் உண்டு. துபாயில் 2019இல் ஒரு வருஷம் குற்றமே செய்யாமல் ஓட்டினால் பழைய ஃபைன் முழுவதும் தள்ளுபடி என்றார்கள். அதனால் '50 சதவீதம்' என்று யாராவது சொன்னால் காதுக்குப் புதிதாக இருப்பதில்லை. ஆனால் இவை எதற்கும் இடைத்தரகர் கிடையாது, ரொக்கம் கிடையாது. தள்ளுபடி இருந்தால் அது உங்கள் ஆப்பிலேயே தெரியும்.

ஃபைன் இருக்கிறது, இன்றைக்குள் கட்டாவிட்டால் இரட்டிப்பு என்று லிங்க்கோடு வரும் எஸ்எம்எஸ் இன்னொரு ரகம். அந்த லிங்க்கைத் தொடாதீர்கள். ஆப்பைத் தனியாகத் திறந்து வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள், இருந்தால் அங்கேயே இருக்கும். டிராபிக் ஃபைலில் இருக்கும் மொபைல் நம்பர் இப்போது உங்கள் கையில் இருப்பதுதானா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே இப்படிக் கட்டித் தொலைத்தவர்கள் ஃபைன் திரும்பி வரட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே போய்ச் சொல்வது நல்லது. துபாய் என்றால் போலீஸின் 901 எண், அபுதாபி என்றால் போலீஸின் அமான் சேவை, 8002626.

நான் இப்போது எல்லை தாண்டினதும் க்ரூஸ் கண்ட்ரோலை 135இல் போட்டுவிடுகிறேன். பின்னால் வருகிறவர்கள் லைட் அடிக்கிறார்கள், அடித்துக்கொள்ளட்டும். போன வாரம் எங்கள் ஊர்க்காரர்கள் வாட்ஸாப் குரூப்பில் ஒரு புது நம்பரிலிருந்து மெசேஜ் வந்தது: "டிராபிக் ஃபைன் 50% தள்ளுபடி, முன்பணம் வேண்டாம், ஜீரோ ஆன பிறகு கொடுத்தால் போதும்." அதே போலீஸ் லோகோ. கீழே அதற்குள் இரண்டு பேர் 'விவரம் அனுப்புங்க அண்ணே' என்று கேட்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் உடனே போன் போட்டேன். ஒருவர் எடுத்தார்.