பள்ளி வீரர்களா, டிரான்ஸ்ஃபர் போர்ட்டலா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஆள் சேர்க்க இரண்டு வழி: பள்ளி மாணவர்களை எடுத்து வளர்ப்பது, இல்லையென்றால் வேறு கல்லூரியில் ஆடியவர்களை டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பெயர்ப் பட்டியல்) வழியாக இழுப்பது.

வேகம்: சந்தேகமே இல்லை, போர்ட்டல்தான். இந்தியானா பல்கலைக்கழக அணி 2023இல் 3-9 (3 வெற்றி, 9 தோல்வி). புதுப் பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி தன் பழைய ஜேம்ஸ் மேடிசன் அணியிலிருந்தே பலரைக் கூட்டி வந்தார், 2024இல் 11-2. பள்ளி மாணவன் தேற இரண்டு மூன்று வருடம் ஆகும்.

நிலைப்பு: பள்ளி வழி. போர்ட்டலை நம்பிய ஃப்ளோரிடா ஸ்டேட் 2023இல் 13-1, அடுத்த வருடமே 2-10! கிளெம்சன் பெரும்பாலும் பள்ளி வீரர்களை வைத்தே 2016, 2018 பட்டங்களை வென்றது. (போர்ட்டல் வந்ததே 2018 அக்டோபரில்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

அணியே காலியாகி, புதுப் பயிற்சியாளர் வந்திருந்தால் போர்ட்டல். பதவி பறிபோகும் பயமில்லாதவருக்குப் பள்ளி. குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) மட்டும்தான் குறை என்றால், போர்ட்டலில் ஒருவர் போதும்.