ஓரக்குறிப்பு வைத்துப் புத்தகம் போடுகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் சொந்தச் செலவில் வரலாற்று நூல் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

நண்பர்கள் சேர்ந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில், கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டைச் சண்டை வரும் பகுதிகளைத் தொகுத்தோம். பிள்ளை தமிழ் வருடக் கணக்கில் எழுதியவர். அட்சய வருடம் என்றால் 1746–47, பிரபவ என்றால் 1747–48. இதையும், பழைய சொற்களுக்கான பொருளையும் அந்தந்த வரிக்கு நேராக வெளி ஓரத்தில் தர நினைத்தோம். படிக்கிறவர் பக்கத்தின் அடிக்கு ஓட வேண்டியதில்லை.

புதுச்சேரியில் பக்கம் கட்டித் தரும் ஓர் அலுவலகத்தில் கொடுத்தோம். "சார், எல்லாம் லேடெக்ல ஆட்டோமேட்டிக். குறிப்பு தானா போய் உட்காரும்" என்றார்கள். லேடெக் என்பது பக்கம் கட்டும் மென்பொருள். மாதிரிப் பக்கங்கள் அழகாக இருந்தன. பாதிப் பணம் வாங்கிக்கொண்டார்கள்.

முழு பிடிஎஃப் வந்தபோது மனசு விட்டுப் போயிற்று. வலப்பக்கத்தின் வெளி ஓரத்தில் இருக்க வேண்டிய பல குறிப்புகள் பைண்டிங் பக்கம் போய் ஒடுங்கிக் கிடந்தன. குறிப்புகள் நெருக்கமாக வந்த இடத்தில் ஒன்றையொன்று கீழே தள்ளி, அட்சய வருடக் குறிப்பு பிரபவ வருடப் பதிவுக்கு நேராக நின்றது. அதை நம்பிப் படிக்கிறவர் ஒரு வருடத்தையே தவறாக எடுத்துக்கொள்வார். சில பக்கங்களில் கடைசிக் குறிப்பு தாளின் விளிம்பைத் தாண்டியே போய்விட்டது.

கேட்டால், "சாஃப்ட்வேர் அப்படித்தான் சார்" என்று கைவிரித்தார்கள். அது பொய். லேடெக் ஒரு பத்தியை முழுதாக வாங்கிக்கொண்ட பிறகுதான் பக்கத்தை எங்கே வெட்டுவது என்று முடிவு செய்கிறது. குறிப்பு இடமா வலமா என்பதை அதற்கு முன்பே தீர்மானித்துவிடுகிறது. அதனால் இடப்பக்கத்தில் தொடங்கி வலப்பக்கத்துக்கு வழியும் பத்தியின் குறிப்பு, இடப்பக்கக் கணக்கிலேயே விழுகிறது. இது பல வருடமாகத் தெரிந்த குறை, மருந்தும் உண்டு. பக்கம் மாறிய குறிப்புகளைத் துணைக் கோப்பில் எழுதிவைத்து, மறுபடி ஓட்டும்போது சரிசெய்ய எம்பார்ஹேக் என்ற லேடெக் துணைத்தொகுப்பு இருக்கிறது. ஓரம் நிரம்பி வழிவதைத் தடுக்க மார்ஜின்ஃபிக்ஸ் என்ற இன்னொன்று இருக்கிறது. ஒரு குறிப்பு கீழே தள்ளப்பட்டால், எந்தப் பக்கம் என்று சொல்லி 'மார்ஜின்பார் மூவ்டு' (ஓரக்குறிப்பு நகர்ந்தது) என்று, ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் லேடெக் எழுதிவைக்கும் லாக் கோப்பிலேயே எச்சரிக்கை விழும். அதைத் திறந்து பார்க்கக்கூட அங்கே யாருக்கும் நேரமில்லை. மாதிரிப் பக்கங்களை மட்டும் கையால் சரிசெய்ததாக அங்கே வேலை செய்யும் தம்பி ஒருவரே ஒத்துக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, வேலை வாங்கியவர்கள் மேல்தான்.

மூலக் கோப்பையாவது கொடுங்கள், வேறு ஆளிடம் சரிசெய்துகொள்கிறோம் என்றோம். அதற்குத் தனிப் பணம் கேட்டார்கள். நாங்கள் கொடுக்கவில்லை; அட்வான்ஸும் திரும்பவில்லை. இப்போது கடலூரிலேயே ஒருவர் முதலிலிருந்து கட்டுகிறார்.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால், அவர்கள் பொறுக்கிக் காட்டும் பக்கங்களை ஏற்காதீர்கள். குறிப்பு நெருக்கமாக வரும் ஒரு முழு பாரத்தை (ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பக்கங்கள்), 16 பக்கமும் தொடர்ச்சியாக, நீங்களே தேர்ந்தெடுத்துக் கட்டித் தரச் சொல்லுங்கள். மூலக் கோப்பும் லாக் கோப்பும் உங்கள் கைக்கு வரும் என்று எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே ப்ரூஃப் கையில் இருப்பவர்கள், முந்தைய பக்கத்திலிருந்து வழிந்து வரும் பத்திகளை முதலில் பாருங்கள். பக்கத்தின் தலைப்பகுதியில்தான் குறிப்பு இடம் மாறியிருக்கும்.