பல வருஷத்துக்கு அப்புறம் திரும்பி வந்த கல்லூரி ரோடியோ: போய்ப் பார்க்கலாமா?

அமெரிக்காவில், மேற்கு கான்சாஸில் நாங்கள் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சமுதாயக் கல்லூரி, அங்கே எப்போதோ நின்றுபோன ரோடியோ அணியை (ரோடியோ என்றால் காளைச் சவாரி, கயிறு வீசிக் கன்று பிடிப்பது மாதிரி மாட்டுப் பண்ணை வேலைகளை ஒட்டி வந்த போட்டிகள்) மறுபடி ஆரம்பித்து, சொந்த மைதானத்தில் முதல் போட்டியும் நடத்திவிட்டார்கள். வெள்ளி, சனி இரண்டு நாளும் குடும்பத்தோடு போனோம். குறைகளும் எழுதப்போகிறேன், அதனால் கல்லூரியின் பெயர் வேண்டாம்.

டிக்கெட் மாலைக் காட்சிக்கு மட்டும்தான். பகலில் ‘ஸ்லாக்’ என்று ஒன்று உண்டு, மாலை நேரத்துக்குள் அடங்காத போட்டியாளர்களுக்கு அப்போதே முறை கொடுத்து முடித்துவிடுவார்கள். இங்கே அதற்குக் கட்டணம் கிடையாது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன், கூட்டம் இல்லை, வேலியை ஒட்டி நிற்கலாம், யாரிடமும் பேச்சுக் கொடுக்கலாம்.

அப்படி நின்றபோதுதான் ஒரு பையன் காளைச் சவாரிக்குத் தயாராவதைப் பார்த்தேன். காளையின் உடம்பைச் சுற்றிக் கட்டிப் பிடித்துக்கொள்ளும் கயிற்றை வேலிக் கம்பியில் தொங்கவிட்டு, கையுறை போட்ட கையால் பைன் பிசினைத் தேய்த்து மேலும் கீழுமாக உருவிக்கொண்டே இருக்கிறான், பிசின் சூடேறிக் கை ஒட்டத் தொடங்கும்வரை விடவில்லை. கயிற்றின் அடியில் கனமாக ஒரு மணி. எதற்கு என்று கேட்டேன். ஆள் இறங்கியதும் கயிறு கழன்று கீழே விழ அந்த எடை வேண்டுமாம். ஒரே கையால் பிடித்துக்கொண்டு 8 நொடி தாக்குப்பிடிக்க வேண்டும், இன்னொரு கை காளை மேலோ தன் மேலோ பட்டால் போச்சு. மொத்தம் 100 மதிப்பெண்ணில் பாதி காளைக்குப் போகிறது, காளை சரியாகத் துள்ளவில்லை என்றால் நன்றாக ஓட்டியவனுக்கும் மார்க் குறையும்.

ஆனால் என் மனதில் நின்றது பெண்கள் ஆடு கட்டும் போட்டி. குதிரை ஓடும்போதே குதித்து இறங்கி, ஆட்டைப் புரட்டி அதன் மூன்று கால்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும், அந்தக் கட்டு 6 நொடி அவிழாமல் இருக்க வேண்டும். உள்ளூர் அணிப் பெண் ஒருத்திக்கு வெள்ளிக்கிழமை கட்டு அவிழ்ந்துவிட்டது, நேரமே பதிவாகவில்லை. மறுநாள் காலை நாங்கள் போனபோது லாயத்துக்குப் பின்னால் பொம்மை ஆடு ஒன்றை வைத்துக்கொண்டு கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். அரை மணி கழித்துத் திரும்பி வந்தபோதும் அதே இடத்தில்தான் இருந்தாள்.

கன்றுக்குட்டியைக் கயிறு வீசிப் பிடிக்கும் போட்டியை என் மகளால் பார்க்க முடியவில்லை, லாயத்துக்குக் கூட்டிப்போய்விட்டேன். சின்னப் பிள்ளைகள் இருந்தால் நிகழ்ச்சி நிரலை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த லாயம்தான் இந்த அணி திரும்பி வந்ததன் அடிப்படை. காளைகளையும் துள்ளும் குதிரைகளையும் ஒப்பந்தக்காரர் கொண்டுவந்துவிடுவார், ஆனால் கயிறு வீசும் போட்டிக்கும், மைதானத்தில் வைத்த மூன்று பீப்பாய்களைச் சுற்றி வேகமாக ஓடும் பீப்பாய் ஓட்டத்துக்கும் வேண்டிய குதிரைகள் மாணவர்களுடையவை, வீட்டிலிருந்து டிரெய்லரில் ஏற்றிக் கூடவே வருகின்றன. குதிரைக்கு இடமில்லாத கல்லூரிக்குப் பிள்ளைகள் வர மாட்டார்கள் என்றார் பயிற்சியாளர், அதனால் ஆள் சேர்ப்பதற்கு முன்னால் லாயத்தைக் கட்டியிருக்கிறார்கள். சரியான முடிவு. 1949-இல் தொடங்கிய தேசியக் கல்லூரி ரோடியோ சங்கத்தின் 11 மண்டலங்களில் எங்களுடையதும் ஒன்று, மண்டலத்தில் முதல் இரண்டு அணிகளும் ஒவ்வொரு போட்டியிலும் முதல் மூன்று பேரும் ஜூனில் வயோமிங்கின் காஸ்பரில் நடக்கும் இறுதிப்போட்டிக்குப் போவார்கள். அங்கே பெரிய பல்கலைக்கழகமும் இந்த மாதிரிச் சின்னக் கல்லூரியும் ஒரே மைதானத்தில்தான் மோதுகின்றன. ஆடு கட்டும் அந்தப் பெண் அங்கே போய் நிற்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொள்கிறேன்.

இனி குறை. பெரிய குறை மண். பீப்பாய் ஓட்டத்தில் குதிரைகள் ஒரே இடத்தில் திரும்பித் திரும்பிக் குழி விழும், சில பேர் ஓடியதும் டிராக்டர் விட்டுக் கிளறிச் சமன்செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை அதை ரொம்ப நேரம் தள்ளிப்போட்டார்கள், இரண்டாவது பீப்பாயில் ஒரு குதிரை வழுக்கி முழங்கால் தரையில் பட்டது. நல்லவேளை அடி இல்லை. இதை அலட்சியமாக விடக்கூடாது, குதிரைக்கும் ஆபத்து, மேலே இருக்கிற பெண்ணுக்கும் ஆபத்து. சனிக்கிழமை அடிக்கடி டிராக்டர் ஓடியது, யாரோ எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் வடக்குப் பக்க ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, பார்க்கிங் முழுக்கச் சேறு, சாப்பாட்டுக்கு ஒரே ஒரு ஜன்னல்.

இருந்தாலும் 5-க்கு 4 கொடுப்பேன். தெற்குப் பக்கம், காளைகள் வெளியே வரும் கதவுகளுக்கு அருகில் உட்காருங்கள், இருட்டியதும் குளிரும், ஜாக்கெட் எடுத்துப்போங்கள். சொந்த ஊர்ப் போட்டி இனி அடுத்த வருஷம்தான், ஆனால் செவ்வாய், வியாழன் மாலைகளில் பயிற்சி நடக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமாம். இந்த வியாழன் நாங்கள் போகிறோம்.