ஒற்றை ஃபோட்டான் சோதனைத் தொகுப்பு: ஒரு மதிப்பீடு

இளநிலை இயற்பியல் ஆய்வகத்திற்கான இத்தொகுப்பில், 405 நானோமீட்டர் லேசர் பிபிஓ (பீட்டா பேரியம் போரேட்) படிகத்தின் வழியே செல்லும்போது, அதன் ஃபோட்டான்களுள் (ஒளித்துகள்களுள்) மிகச் சில மட்டும் 810 நானோமீட்டர் இணைகளாகப் பிரிகின்றன. இணையில் ஒன்றின் வருகையை ஓர் உணர்கருவி அறிவிக்க, மற்றொன்று ஒளிபிரிப்பானை அடைகிறது. அதன் இருபுறமும் உள்ள உணர்கருவிகள் ஏறத்தாழ ஒருபோதும் சேர்ந்து பதிவுசெய்வதில்லை என்பதை மாணவரே திரையில் காண்கிறார். கிராஞ்சியே, ரோஜர், அஸ்பே ஆகியோர் 1986இல் வெளியிட்ட சோதனையின் எளிய வடிவம் இது. ஒளி வெறும் அலையென்றால் 1க்குக் கீழே இறங்கவே கூடாத, இரு உணர்கருவிகளும் சேர்ந்து பதிவுசெய்யும் வீதத்தைக் காட்டும் ஓர் அளவு இங்கே 0ஐ நெருங்கி நிற்பது, கரும்பலகையில் எத்தனை முறை எழுதினாலும் கிட்டாத தெளிவைத் தருகிறது.

ஒளிப்பாதையை நேர்ப்படுத்துவதுதான் பெரும்பாடு. கண்ணுக்குப் புலப்படாத ஒளி என்பதால், ஆடித் திருகுகளை மயிரிழை அளவு திருப்பி, எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்; கையேடோ இதை ஒரே பத்தியில் முடித்துவிடுகிறது. (முன்பே நேர்ப்படுத்தி மூடிவைத்த பெட்டிகளைவிட இந்தத் தொல்லையையே நான் விரும்புவேன், மாணவர் கற்பது பெரும்பாலும் இங்கேதான்.) பெல் சமனின்மைச் சோதனைக்கான (இணை ஃபோட்டான்களின் தொடர்பைப் பழைய இயற்பியலின் கருத்துகளால் விளக்க முடியுமா என்று பார்க்கும் சோதனை) கூடுதல் இணைப்பும் உண்டு, ஆனால் தற்செயல் உடன்நிகழ்வுகளை (தொடர்பில்லாத ஃபோட்டான்கள் தற்செயலாக ஒரே நேரத்தில் பதிவாவதை) கழிக்கும் முறையை அதன் மென்பொருள் விளக்குவதில்லை. அறைவிளக்கு எரியும்போது இயக்கினால் உணர்கருவிகள் பழுதாகக்கூடும் என்பதால், தானியங்கித் துண்டிப்பு வசதி உள்ளதா என்று கேட்டறிந்த பின்னரே வாங்குவது நல்லது.