தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ் படங்கள்: நடிகர் தேர்வுக்கு 5-க்கு 4

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் விடுமுறையில் பிள்ளைகளோடு இந்த மூன்று படங்களையும் (2001, 2002, 2003) பார்க்கப் போகிறவர்கள் முதலில் கிம்லியைக் கவனியுங்கள்.

கதையில் அவர் குள்ளர். நடித்த ஜான் ரைஸ்-டேவிஸோ ஆறடிக்கு மேல்! தவறான தேர்வு இல்லை, அருமையான கணக்கு. ஹாபிட்டாக (கதையில் குள்ளரைவிடவும் சிறிய இனம்) நடித்தவர்களைவிட அவர் உயரம் என்பதால், கதை கேட்கும் விகிதம் நேரிலேயே அமைந்தது. கிம்லியையும் ஹாபிட்களையும் சேர்த்து ஒருமுறை, மனிதர்களைத் தனியாக ஒருமுறை எடுத்து இணைத்தால் போதும். நடிகர் குட்டையாக இருந்தால் மூன்று முறை எடுக்க வேண்டும். ஆனால் முகத்தில் ஒட்டிய மேக்கப் அவர் தோலைப் புண்ணாக்கியது.

ஹாபிட்டான கதாநாயகன் ஃப்ரோடோவும் மனித உயர மந்திரவாதி காண்டால்ஃபும் சேர்ந்து போகும் வண்டிக் காட்சி வேறு உத்தி. செட்டிநாட்டு வீட்டு முகப்பில் நின்று இரண்டாம் கட்டுத் தூணருகே இருப்பவரைப் பாருங்கள், சிறுத்துத் தெரிவார். ஃப்ரோடோவைக் காண்டால்ஃபுக்குப் பின்னால் தள்ளி உட்கார வைத்ததும் அதற்குத்தான். இருவர் பார்வையும் சந்திப்பதுபோல் அமையாவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மனித வீரன் அரகார்னுக்கு, படப்பிடிப்பு தொடங்கியபின் நடிகரை மாற்றி நாற்பது வயதை எட்டிய விகோ மார்ட்டென்சனைக் கொண்டுவந்தது நல்ல முடிவு.

ஒரு மதிப்பெண் குறைவது ஃப்ரோடோவால். மூல நாவலில் பயணம் புறப்படும்போது அவருக்கு 50 வயது. படப்பிடிப்பு தொடங்கியபோது எலைஜா வுட்டுக்கு 18. கதையில் ஃப்ரோடோவிடம் உள்ள மந்திர மோதிரம் 33 வயதுத் தோற்றத்தைக் காப்பதால் இளமுகம் குறையல்ல. நடுவயதின் நிதானம் போய்விட்டது, அதுதான் இழப்பு. உடன் போகும் தோட்டக்காரர் சாமுடன் உள்ள எசமான்–வேலையாள் உறவும் சிநேகமாகச் சுருங்கிவிட்டது.