மோட்டார் போட்டால் சாமியாடும் கம்ப்யூட்டர்: இரண்டு வருட அனுபவம்

கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கடைகளுக்கு வீட்டிலிருந்தே பில்லும் ஜிஎஸ்டி கணக்கும் போட்டுக் கொடுக்கிறேன். 2017இல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். ஆறு வருடம் ஒரு தொந்தரவும் தரவில்லை. 2023 ஆனியில் பிடித்தது சனி. பாதி பில் ஏற்றியிருப்பேன், படக்கென்று திரை இருளும், ஃபேன் ஒரு நொடி நின்று மறுபடி சுற்றும், விண்டோஸ் முதலிலிருந்து வரும். நீலத் திரை கிடையாது, எச்சரிக்கை கிடையாது.

கம்ப்யூட்டர் கடைத் தம்பி வந்து பார்த்தார். "ஃபார்மட் அடிச்சிருவோம் அண்ணாச்சி, சரியாயிரும்." 500 ரூபாய். அவர் பைக் தெருமுனை திரும்பவில்லை, இங்கே ரீஸ்டார்ட். அப்புறம் ராம் மேல் சந்தேகம். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் புரோகிராமை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், ஒரு பிழையும் இல்லை.

கேபினட்டைத் திறந்தால் இன்னொரு கூத்து. பக்கத்து வீட்டில் அப்பளம் இடுகிறார்கள். உளுந்து மாவும் ஒட்டடையும் சேர்ந்து பிராசசர் ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் கம்பளி மாதிரி அடைந்து கிடந்தது. பிரஷ்ஷால் தட்டி, தெர்மல் பேஸ்ட்டும் மாற்றியதில் சூடு 88 டிகிரியிலிருந்து 61க்கு இறங்கியது. மூன்று நாள் நிம்மதி. நாலாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி.

விஷயத்தைப் பிடித்தது வீட்டுக்காரிதான். "நான் மோட்டார் சுவிட்சப் போட்டாத்தான் உங்க கம்ப்யூட்டர் சாமியாடுது, பாத்தீங்களா?" ஒரு வாரம் நேரத்தைக் குறித்து வைத்தேன். பாதிக்கு மேல் மோட்டார் போட்ட நேரம். மிச்சமெல்லாம் பொதிகைக் காற்று அடித்து லைட் சிமிட்டிய நேரம். விண்டோஸ் தனக்கு நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரிலும் ஒவ்வொரு தடவையும் கெர்னல்-பவர் 41 (முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்று அர்த்தம்), பக்செக் கோட் 0 என்றே இருந்தது. விண்டோஸ் தானாகக் குப்புற விழுந்திருந்தால் பக்செக் கோட் இடத்தில் பெரும்பாலும் 0 அல்லாத ஒரு எண் இருக்கும். 0 என்றால் முதலில் கரண்ட் பக்கம் பார்க்க வேண்டும். இதை முதல் நாளே பார்த்திருந்தால் அந்த 500 ரூபாய் மிச்சம்.

மோட்டார் கிளம்பும் அந்தக் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். வோல்டேஜ் தொங்கும். நாம் வீட்டில் வைக்கிற சாதாரண யுபிஎஸ் பேட்டரிக்கு மாற 10 மில்லிசெகண்ட் வரை எடுக்கும். கேபினட்டுக்குள் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். நல்ல எஸ்எம்பிஎஸ் 16 மில்லிசெகண்டாவது தம் பிடிக்கும் என்பதால் நமக்கு ஒன்றும் தெரியாது. என் வீட்டில் இரண்டுமே படுத்திருந்தன. யுபிஎஸ்ஸில் கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு ஒரு டேபிள் லாம்பை மாட்டி, சுவரிலிருந்து பிளக்கை உருவினேன். லாம்ப் ஒரு நிமிடம்கூட எரியவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸைத் தம்பி பிரித்துக் காட்டினார். கெபாசிட்டர்கள் இரண்டின் தலை, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. (நீங்களாக அதைப் பிரிக்காதீர்கள். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கிற அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.)

ஆவணியில் 450 வாட் எஸ்எம்பிஎஸ் 2,600 ரூபாய்க்கும், யுபிஎஸ்ஸுக்கு 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி ஒன்றும் வாங்கி மாட்டினேன். 500 ரூபாய் எஸ்எம்பிஎஸ்ஸிலும் 450 வாட் என்றுதான் ஒட்டியிருக்கிறான். கையில் தூக்கிப் பார்த்தாலே எடை சொல்லிவிடும். அதற்குப் பிறகு இரண்டு ஆடி போயாச்சு. மோட்டார் ஓடுகிறது, லைட் சிமிட்டுகிறது, யுபிஎஸ் ஒரு தடவை கீச்சென்கிறது, பில் பாட்டுக்கு நடக்கிறது. புது எஸ்எம்பிஎஸ் ஃபேன் கொஞ்சம் இரைகிறது, அது ஒன்றுதான் குறை.

நடுவில் ஒரு நாள் காலையில் பார்த்தால் ராத்திரியே ரீஸ்டார்ட் ஆகியிருந்தது. வயிற்றைக் கலக்கிவிட்டது. ஈவென்ட் வியூவரில் 41 இல்லை, 1074 இருந்தது, அதாவது ஏதோ ஒரு புரோகிராமோ ஆளோ சொல்லி முறையாக ரீஸ்டார்ட் ஆனது. விண்டோஸ் அப்டேட் பார்த்த வேலை. பேட்டரி மேல் மாற்றிய தேதியை மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன். டேபிள் லாம்ப் போன மாதம் 20 நிமிடம் எரிந்தது, முதலில் 35 எரிந்தது. வருகிற ஆனிக்கு முன்னால் இன்னொரு பேட்டரி வாங்க வேண்டியிருக்கும்.