அணைந்து போகும் லேப்டாப்: கூலிங் பேடா, ஸ்க்ரூடிரைவரா?

வீடியோ அழைப்பின் நடுவே என் லேப்டாப் முதல் முறை அணைந்தபோது, கை பட்டு ஏதோ பொத்தான் அழுந்திவிட்டது என்று நினைத்தேன். மூன்றாம் முறை அணைந்தபோதுதான் கையின் மேல் குற்றமில்லை என்று உறைத்தது. எச்சரிக்கைச் செய்தியும் இல்லை, நீலத்திரையும் இல்லை. விளக்கை அணைத்ததுபோல் திரை கறுத்துவிடும். உடனே பொத்தானை அழுத்தினால் சில வினாடிகள் உயிர்பெற்று மறுபடி அடங்கும். பத்து நிமிடம் விட்டுப்பிடித்தால் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து ஓடும்.

யாரிடம் கேட்டாலும் நான்கு வழிகளில் ஒன்றைச் சொல்வார்கள்: விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடு, பேட்டரியை மாற்று, கூலிங் பேடு (லேப்டாப்புக்கு அடியில் வைக்கும் விசிறிப் பலகை) வாங்கு, பின்மூடியைத் திறந்து சுத்தம் செய். நான் கூலிங் பேடு வாங்கிப் பார்த்து, அலுத்து, பிறகுதான் திறந்தேன். திறப்பதையே முதலில் செய்திருக்க வேண்டும் என்பது இப்போது என் கட்சி.

முதல் இரண்டு வழிகளைச் சுருக்கமாகத் தீர்த்துவிடலாம். விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் அமைப்புத் திரையான பயாஸிலேயே அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள்; அல்லது பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் அணைந்தால் விண்டோஸைத் திட்டிப் பயனில்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று ஒரு பதிவு இருக்கும். அதுவே நோயின் பெயர் என்று எண்ணி மணிக்கணக்கில் தேடியவன் நான். ‘போன முறை முறையாக அணைக்கப்படவில்லை’ என்று அடுத்த தடவை எழும்போது விண்டோஸ் எழுதிவைக்கும் இறப்புச் சான்றிதழ் அது. காரணம் என்ற கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

பேட்டரிக்கு விண்டோஸே ஓர் அறிக்கை தருகிறது. புதிதில் எவ்வளவு கொள்ளளவு, இப்போது எவ்வளவு நிரம்புகிறது என்ற இரண்டு எண்களை அதில் பார்த்தால் போதும். என்னுடையது 48 வாட்-மணியிலிருந்து 31-க்கு இறங்கியிருந்தது. வயதாகிவிட்டதுதான், ஆனால் அடாப்டர் செருகியிருக்கும்போதும் அணைந்ததால் அதன் மேல் பழிபோட முடியவில்லை. முப்பது, நாற்பது சதவீதம் காட்டும்போதே பொசுக்கென்று அணைவதும், அடாப்டரில் ஒழுங்காக ஓடுவதும் உங்கள் கதை என்றால் பேட்டரியை மாற்றுங்கள். டச்பேடு மேலே எழும்பியிருந்தாலோ அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ ஒப்பீட்டுக்கே இடமில்லை. சார்ஜ் செய்வதை அக்கணமே நிறுத்துங்கள், குத்தவோ அழுத்தவோ வேண்டாம்.

எஞ்சியது வெப்பம். வெப்பநிலை காட்டும் இலவச மென்பொருள் ஒன்றை நிறுவிப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதே 71 டிகிரி. நான்கைந்து பக்கங்களைத் திறந்ததும் இரண்டே வினாடியில் 98. வெப்பம் மெல்ல மெல்ல ஏறினால் பெரும்பாலும் தூசி. இப்படிப் பாய்ந்தால் பிராசசருக்கும், அதன் சூட்டை இழுத்துக்கொள்ளும் உலோகப் பகுதியான ஹீட் சிங்குக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தப் பூசிய பேஸ்ட் கெட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இன்டெல் பிராசசர்கள் பலவற்றுக்கு 100 டிகிரி எல்லை. அதை நெருங்கும்போது பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் வெப்பம் அடங்காமல் ஏறினால் வன்பொருளே மின்சாரத்தைத் துண்டித்துவிடும், விண்டோஸின் அனுமதிக்காகக் காத்திருக்காது. இறப்புச் சான்றிதழில் காரணக் கட்டம் காலியாக இருந்த ரகசியம் இதுதான்.

கூலிங் பேட்டைப் பற்றி நியாயமாகவே பேசிவிடுகிறேன். வைத்த அன்று ஆறு டிகிரி குறைந்தது. ஒரு நாளைக்கு இரண்டு முறை அணைந்தது, இரண்டு நாளைக்கு ஒரு முறை ஆனது. மகிழ்ச்சி ஏழெட்டு வாரம் நீடித்தது, பிறகு பழைய குருடி கதவைத் திறடி. காற்று நுழையும் துளைகள் அடிப்பக்கம் இருந்து, உள்ளே சுத்தமாகவும் இருந்தால் பேடு உதவும். உள்ளே வழி அடைபட்டிருக்கும்போது வெளியிலிருந்து எவ்வளவு ஊதி என்ன? சொல்லப்போனால், லேப்டாப்பின் பின்விளிம்புக்கு அடியில் ஒரு தடித்த புத்தகத்தை வைத்தபோதே நான்கு டிகிரி இறங்கியது.

திறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பதினொரு திருகாணிகள், பின்வரிசையில் இருப்பவை நீளமானவை. ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய திருகாணியை அதனதன் இடத்தில் டேப்பால் ஒட்டிவைத்தேன். முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. அதற்கு முன் எதையும் தொடக் கூடாது. விசிறியைத் தூக்கியபோது, அதற்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு ஒன்று இருந்தது. யாரும் வைத்ததல்ல, நான்கு ஆண்டுத் தூசி. இடுக்கியால் இழுத்ததும் தகடுகளின் வரிகள் பதிந்தபடியே ஒரே பாளமாக வந்தது. இதைத் தாண்டி எந்தக் காற்று போயிருக்கும்!

ஹீட் சிங்கில் நான்கு திருகாணிகள், அருகிலேயே 1 முதல் 4 வரை எண்கள். கழற்றும்போது தலைகீழாக, மாட்டும்போது வரிசையாக, ஒரேயடியாக முறுக்காமல் சுற்றுச் சுற்றாக. பழைய பேஸ்ட் சுண்ணாம்புப் பொருக்குபோல் உதிர்ந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, புதிய பேஸ்டை பிராசசர் சில்லு முழுவதும் மெல்லிதாகப் பரப்பினேன். காற்றடித்துச் சுத்தம் செய்வோர் விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். வெறிபிடித்துச் சுழன்றால் பழுதாகலாம். மொத்தம் ஒன்றரை மணி நேரம், அதில் அரைமணி தரையில் விழுந்த திருகாணியைத் தேடியது. மாட்டி முடித்ததும் சும்மா இருக்கும்போது 46, சுமையேற்றினால் 84.

ஆனால் என்னைத் திறக்கும் பக்கம் சாய்த்தது இந்த எண்களைவிடப் பராமரிப்புக் கணக்குதான். பேடு என்பது இன்னொரு பராமரிப்புப் பொருள். அதன் விசிறியும் தூசி பிடிக்கும், ஒரு யூஎஸ்பி துளையை எப்போதும் அடைத்துக்கொள்ளும், வெளியே போகும்போது கூட வராது. லேப்டாப்புக்குள் தள்ளும் காற்றோடு தூசியையும் சேர்த்தே தள்ளும். ஒரு முறை திறந்து பழகிவிட்டாலோ அடுத்த முறை தூசி தட்டுவது இருபது நிமிட வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்கிறேன்.

பேஸ்ட் விஷயம் கொஞ்சம் வம்பு பிடித்தது. லேப்டாப் பிராசசர் சூடாவதும் ஆறுவதுமாக இருப்பதால், நீர்த்த பேஸ்ட் மெல்ல மெல்ல ஓரங்களுக்குப் பிதுங்கிவிடும். நான் முதலில் பூசியது அப்படிப்பட்டது. ஏழாம் மாதமே வெப்பம் ஒன்பது டிகிரி ஏறிவிட்டது. இரண்டாம் முறை ஹனிவெல்லின் பிடிஎம்7950 என்ற தகட்டை ஒட்டினேன். அறை வெப்பத்தில் திடமாக இருக்கும், ஏறத்தாழ 45 டிகிரியில் இளகிப் பள்ளங்களில் படியும். பத்து மாதத்தில் இரண்டு டிகிரிதான் ஏறியிருக்கிறது. ஒரே லேப்டாப், ஒரே தகடு, பத்தே மாதம். இதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

உத்தரவாதம் இருக்கும்போது திறக்காமல் நிறுவனத்திடமே கொடுங்கள். திரவ உலோகம் பூசிய கேமிங் லேப்டாப்பை நான் தொட்டதில்லை, தொடவும் மாட்டேன். அது மின்சாரம் கடத்தும், ஒரு சொட்டு சிந்தினால் போர்டே போய்விடும். அங்கே கைதேர்ந்தவரைத் தேடுவதே சரி. அதுவரை ஓட்ட வேண்டுமென்றால் பவர் அமைப்புகளில் பிராசசரின் உச்ச அளவை 99 சதவீதமாக்குங்கள். தேவைப்படும்போது பிராசசர் தாவும் டர்போ வேகம் நின்று வெப்பம் தணியும். பேஸ்ட் வந்துசேரும்வரை நான்கு நாள் அப்படித்தான் தள்ளினேன்.

போன மாதம் ஒரு நாள் மீண்டும் அணைந்தது. வயிறு கலங்கிவிட்டது. எழுப்பிப் பார்த்தால் வெப்பம் 52-தான். அடாப்டர் முள் சரியாகச் செருகப்படாமல் பேட்டரி சத்தமில்லாமல் காலியாகியிருந்தது. அந்த 31 வாட்-மணியின் கணக்கை இனித்தான் தீர்க்க வேண்டும்.